தம்புராவுக்குப் பக்கத்தில் ஒரு மின்சாரப் பெட்டி!

கூரம் என்றதும் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருபவர் கூரத்தாழ்வான். அவரைப் பற்றிய கதைகளில் பலருக்கும் பிடித்தது ஒரு சத்தத்தைப் பற்றிய கதை.

காஞ்சிபுரத்தை அடுத்த இந்தச் சிற்றூரில் பெரும் செல்வந்தராக வாழ்ந்தவர் ஆழ்வான். காலையில் வாசல் கதவைத் திறந்தால் ராத்திரி வரை வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. கடைசி ஆளும் சாப்பிட்டுப் போன பிறகு, மணிகள் கட்டிய அந்தப் பெரிய கதவைச் சாத்துவார்கள். அந்தச் சத்தம் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் வரை கேட்குமாம். ஒருநாள் பெருந்தேவித் தாயாரே, 'இது என்ன சத்தம்?' என்று பெருமாளிடம் கேட்க, விஷயம் திருக்கச்சி நம்பி மூலமாக ஆழ்வான் காதுக்கு வந்தது. அவர் பெருமைப்படவில்லை. கூசிப்போனார். தன் செல்வத்தின் ஆரவாரம் சந்நிதி வரை போகிறதே என்று, இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளுடன் ராமாநுஜரைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு நடந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை.

அதற்கும் நாலு நூற்றாண்டுகள் முந்தைய இன்னொரு சங்கதியும் இந்த ஊருக்கு உண்டு. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு. அங்கே கட்டிய சிவன் கோயிலுக்கு நிலமும் பங்குகளும் ஒதுக்கும்போது, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொண்டு வர ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீர், நெருப்பு, அதோடு ஒரு மனிதக் குரல்! ஒரு ஊரின் சத்தத்துக்குப் பட்ஜெட் போட்டிருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது அந்தப் பக்கம் ஒரு சிறிய கோயிலில் பூஜை நேரத்துக்குப் போனால் என்ன கேட்கும்? ஸ்விட்சைத் தட்டினதும் 'டண் டண் டண்' என்று ஓடும் மோட்டார் மேளம். முரசு, மணி, ஜால்ரா எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில். காஞ்சிபுரத்தில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க இதுதான். மேளக்காரருக்கு மாசச் சம்பளம் கொடுக்க முடியாத கோயில்கள் வேறு என்ன செய்யும் என்ற கேள்வியும் நியாயம்தான். ஆனால், அந்த மெஷின் வந்து உட்கார்ந்தது ஒரு மனிதர் நின்றிருந்த இடத்தில் என்பதும் உண்மை.

மின்சாரமும் வாத்தியமும் சந்தித்தால் இப்படித்தான் முடியுமா? ஒன்று வந்தால் இன்னொன்று எழுந்து போக வேண்டுமா? இல்லை என்று சொல்லும் சில ஆல்பங்கள் இருக்கின்றன. அதில் முக்கியமான ஒன்று, காஞ்சிபுரத்தைப் போலவே துணிக்குப் பெயர் போன இன்னொரு ஊரிலிருந்து வந்தது. அகமதாபாத்.

மூக் இல்லை, மோக்!

அகமதாபாத்தின் காலிகோ மில் குடும்பமான சாராபாய் குடும்பத்தை எல்லோருக்கும் தெரியும், விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் குடும்பம்தான். அவருடைய சகோதரி கீதா சாராபாய் (1922–2011) ஓர் இசைக்கலைஞர். ஆண்கள் மட்டுமே வாசித்துவந்த பக்கவாஜ் என்ற மிருதங்க ஜாதி வாத்தியத்தைக் கற்றுக்கொண்டவர். 1946-ல் நியூயார்க் போனபோது ஜான் கேஜ் என்ற இளம் இசையமைப்பாளரைச் சந்தித்தார். இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கேஜ் அவருக்கு மேற்கத்திய இசையைச் சொல்லித் தர வேண்டும், பதிலுக்கு கீதா அவருக்கு இந்திய இசையைச் சொல்லித் தர வேண்டும். ஃபீஸ் கிடையாது.

இசை எதற்காக என்று தன் குரு சொன்னதை கீதா கேஜிடம் சொன்னார். மனதை அடங்கச் செய்து, மேலான ஒன்றுக்கு அதைத் தயார்படுத்தத்தான் இசை என்பது அதன் சாரம். கேஜ் அதைக் கடைசி வரை மறக்கவில்லை. பல பேட்டிகளில், கட்டுரைகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். 1952-ல், மேடையில் கலைஞர் ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் 4 நிமிடம் 33 விநாடி உட்கார்ந்திருக்கும் அந்தப் பிரபலமான படைப்பை உலகுக்குக் கொடுத்தவர் இதே கேஜ்தான். அந்த நேரத்தில் அரங்கில் கேட்கிற இருமல், நாற்காலிச் சத்தம், வெளியே காற்று, இதுதான் இசை என்றார். சூழலையே இசையாகக் கேட்கும் 'ஆம்பியன்ட்' வகைக்கு விதை போட்டவர்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். அந்த விதையில் ஓர் அகமதாபாத் பெண்ணின் பங்கும் இருக்கிறது என்பது நம்மூரில் அதிகம் பேசப்படாத விஷயம்.

1964-ல் கேஜும் அவருடைய நண்பரான பியானோ கலைஞர் டேவிட் டியூடரும் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழுவோடு அகமதாபாத்துக்கே வந்தார்கள். அந்த உறவு தொடர்ந்தது. 1969-ல் டியூடர் மறுபடியும் வந்தார். இந்த முறை வந்த வேலை, அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கப்பட்டிருந்த தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு பெட்டியை நிறுவி, அதை வாசிக்கச் சொல்லித் தருவது.

அதுதான் மோக் மாடுலர் சின்தசைசர். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'மூக்' என்றே பலரும் படிக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த ராபர்ட் மோக் தன் பெயரை 'மோக்' என்றுதான் சொல்வார். தமிழில் எழுதும்போது இதைச் சரியாக எழுதிவிட்டால் கொஞ்சம் கேலியும் குறையும்.

கல்யாண மண்டபக் கச்சேரிகளில் பார்க்கும் கீபோர்டு மாதிரி இதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள் அல்லவா? சுவர் மாதிரி ஒரு பலகை, அதில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை தொங்கும் வயர்கள். கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஒரு பெட்டி வெறும் ஓசையை மட்டும் உண்டாக்கும். இன்னொரு பெட்டி அந்த ஓசையைச் சல்லடை போட்டுச் சலிக்கும். மூன்றாவது பெட்டி அது எப்போது எழ வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு வயர் போகிறது என்பதில்தான் வித்தை இருக்கிறது. தனித்தனி 'மாடுல்'களைச் சேர்த்துக் கட்டுவதால் மாடுலர். பாவு நூலை அச்சில் கோத்துத் தறியில் ஏற்றுகிற காஞ்சிபுரம் நெசவாளிக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. துணி எப்படி வரும் என்பது நாடாவை எறிவதற்கு முன்பே, நூலைக் கோக்கும்போதே பாதி முடிவாகிவிடும்.

இந்தக் கருவியின் இன்னொரு குணம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். அந்தக் கால மோக்குக்கு ஞாபகசக்தி கிடையாது. இன்றைக்குப் பாடுபட்டு ஓர் அழகான ஓசையைக் கண்டுபிடித்துவிட்டு, நாளைக்கு இன்னொருவர் வயரையெல்லாம் பிடுங்கிவிட்டால், அவ்வளவுதான். அதே ஓசை அச்சு அசலாகத் திரும்பக் கிடைப்பது அபூர்வம். 'சேவ்' பட்டன் இல்லை. வாசித்த அன்றே ஒலிநாடாவில் பதிந்து வைத்தால்தான் உண்டு. (தறியில் ஓடுவதும் நாடா, ஒலியைப் பிடித்து வைப்பதும் நாடா. தமிழ் சில நேரம் தானாகவே அமைந்துவிடுகிறது.)

ஆர்மோனியத்துக்குத் தடை இருந்த நாட்டில்...

அந்த வருடங்களை நினைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். இந்திய சங்கீதத்துக்கு ஒத்துவராது என்று அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை 1940-ல் தடை செய்தது. அந்தத் தடை தளர்ந்ததே 1971-ல்தான். அதாவது, வானொலியில் ஓர் ஆர்மோனியப் பெட்டியைத் தொடக்கூடாது என்றிருந்த நாட்களிலேயே, அகமதாபாத்தில் நாலைந்து பேர் மோக் பெட்டியின் வயர்களை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்கள்.

ஆர்மோனியத்தின் மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு என்ன? கட்டைகள் நிலையானவை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போக முடியாது. கமகம் வராது. மாடுலர் சின்தசைசருக்கு இந்தப் பிரச்னை இல்லை. அதற்குக் கட்டைகளே கட்டாயமில்லை. ஒரு குமிழைத் திருப்பினால் ஸ்வரம் வீணைத் தந்தியை இழுத்தது போல ஏறி இறங்கும். ஒரு கட்டை சுருதி, ரெண்டரைக் கட்டை சுருதி, அதற்கும் நடுவில் பாடகரின் தொண்டை கேட்கிற இடம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்திய இடத்தில், கரன்ட் போகாத வரை நின்றுகொண்டே இருக்கும். பார்க்கப் பயமுறுத்தும் அந்த அமெரிக்கப் பெட்டி, உறவு முறையில் ஆர்மோனியத்தைவிடத் தம்புராவுக்குத்தான் நெருக்கம்.

டியூடர் சில மாதங்கள் இருந்துவிட்டுப் போய்விட்டார். பெட்டி இருந்தது. கீதா சாராபாய், இந்துஸ்தானி பாடகர் அதுல் தேசாய், ஐ.எஸ்.மாத்தூர், எஸ்.சி.ஷர்மா, கட்டடக்கலை மாணவராக இருந்த ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அதில் வேலை செய்தார்கள். பறவைகள், விண்வெளிப் பயணம், போருக்குப் பிந்தைய அமைதி என்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். 1970-ல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக அதுல் தேசாய் செய்த பதிவுகளும் உண்டு. மாத்தூரின் ஒரு படைப்புக்குப் பெயரே, 'ஒருகாலத்தில் நான் தம்புரா வாசித்தேன்' என்று தமிழில் சொல்லத்தக்கது. அந்தத் தலைப்பில் கொஞ்சம் ஏக்கம், கொஞ்சம் குறும்பு, இரண்டும் இருக்கின்றன.

1972-க்குப் பிறகு அந்த ஸ்டூடியோ ஓய்ந்துவிட்டது. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தூங்கின. ஐந்து வருடமோ பத்து வருடமோ இல்லை, நாற்பது வருடங்களுக்கு மேல்!

எழுப்பியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பால் புர்காஸ். 'எம்ப்டிசெட்' என்ற எலக்ட்ரானிக் இசை இரட்டையரில் ஒருவர். டியூடர் இந்தியாவில் மோக் நிறுவிய செய்தி அவருக்குத் தெரியவர, தேடிக்கொண்டு அகமதாபாத் வந்தார். நாடாக்கள் கிடைத்தன. காந்தப் பூச்சு உதிரக்கூடிய பழைய நாடாவை அப்படியே மெஷினில் போட்டு ஓட்டிவிட முடியாது, ஓட்டினால் இசையும் சேர்ந்து உதிர்ந்துவிடும். பொறுமையாகச் சீர்செய்து, டிஜிட்டலுக்கு மாற்றி, 2020-ல் பிபிசி வானொலியில் இதைப் பற்றி ஓர் ஆவண நிகழ்ச்சி செய்தார். 2023-ல் 'தி என்.ஐ.டி டேப்ஸ்' என்ற பெயரில் ஆல்பமாகவும் வெளிவந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம். இது உட்கார்ந்து ரசித்துக் கேட்கும் வகை என்று எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. சில தடங்கள் ரேடியோ ஸ்டேஷன் தேடும்போது வரும் கீச்சுக் குரல் மாதிரி இருக்கும். வீட்டில் சத்தமாக வைத்தால், 'என்னடா ரிப்பேரா?' என்று கேட்க ஆள் உண்டு. அந்த ஐந்து பேரும் ஓர் ஆல்பம் செய்கிறோம் என்று உட்கார்ந்தவர்களும் இல்லை. புதிதாக வந்த ஒரு வாத்தியத்தின் தொண்டை எப்படியிருக்கிறது என்று சோதித்துப் பார்த்தவர்கள். ஆனால் அவர்களில் யாரும், இனி தம்புரா வேண்டாம், பக்கவாஜ் வேண்டாம் என்று கிளம்பவில்லை. தெரிந்த இசையோடு தெரியாத பெட்டியைப் பேச வைக்கப் பார்த்தார்கள்.

பாடியும் பார்டரும்

'ஆம்பியன்ட்' என்ற பெயர் பரவலானது அதற்குப் பிறகு, 1978-ல். பிரிட்டனின் பிரையன் ஈனோ விமான நிலையத்தில் ஒலிக்கவென்றே ஓர் ஆல்பம் செய்தார். அதிலும் பியானோ இருந்தது, பெண்களின் குரல் இருந்தது, சின்தசைசரும் இருந்தது. அடுத்து 1980-ல், நியூயார்க் பூங்காவில் தந்தி வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த லராஜியை அழைத்து இன்னோர் ஆல்பம் தயாரித்தார். அன்றிலிருந்து இன்று வரை இந்த வகையில் நல்ல ஆல்பங்கள் பலவும் கூட்டு முயற்சிகள்தான். தனியாக ஓடும் மெஷின் எத்தனை அழகாக இருந்தாலும் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். மூச்சு வாங்குகிற, விரல் வழுக்குகிற ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் அதே மெஷின் வேறு மாதிரி கேட்கும்.

நம் காலத்து உதாரணம் அருஷி ஜெயின். டெல்லியில் பிறந்து இந்துஸ்தானி சங்கீதம் கற்று, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படித்தவர். 2021-ல் வெளிவந்த இவருடைய 'அண்டர் தி லைலக் ஸ்கை' ஆல்பத்தில் மாடுலர் சின்தசைசரும் இவர் குரலும்தான். மாலை நேர ராகங்களை எடுத்துக்கொண்டு, சூரியன் மறையும் நேரத்தில் கேளுங்கள் என்றே சொன்னார். 2024-ல் வந்த 'டிலைட்'டில் ஒரு படி மேலே போனார். பாகேஸ்ரீ என்ற இரவு நேர ராகம்தான் அந்த ஆல்பம் முழுக்க அடிநாதம். செல்லோ, கிட்டார், மரிம்பா, புல்லாங்குழல், சாக்ஸபோன் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்து, அந்த ஒலிகளை மாடுலர் சின்தசைசரின் ஓசையோடு பிணைத்தார். புல்லாங்குழலின் மூச்சு எங்கே முடிகிறது, மின் ஓசை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முயன்றால் பல இடங்களில் தோற்றுப்போவீர்கள்.

காஞ்சிபுரம் பட்டில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். ஒரே நாடாவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓட்டினால் இரண்டு நிறமும் கலந்து மங்கிவிடும். அதனால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்க பார்டருக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. நெசவாளி தனியாக எறிய முடியாது. பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து ஒரு பக்க நாடாவைப் போட வேண்டும். இரண்டு நிற ஊடையும் சந்திக்கும் கோட்டில் ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பும். இழுத்தாலும் பிரியாது, ஒன்றின் நிறம் மற்றதில் ஏறாது. நேரம் பிடிக்கும். கூலியும் இரண்டு பேருக்கு. அதனால்தான் மலிவுச் சேலைகளில் இந்த வேலை இருப்பதில்லை.

பக்கவாத்தியக்காரர்கள் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் போடும் கணக்குக்கும் கோர்வை என்றுதான் பெயர் என்பதை கச்சேரி ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'டிலைட்' மாதிரி ஓர் ஆல்பம் நன்றாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கோர்வை வேலைதான். செல்லோ செல்லோவாகவே இருக்கிறது, பெட்டி பெட்டியாகவே இருக்கிறது. சேரும் கோடு மட்டும் உறுதி. செல்லோ மாதிரி சத்தம் கொடுக்கும் பட்டனை அமுக்கிவிட்டு செல்லோக்காரரை வீட்டுக்கு அனுப்புவது வேறு வேலை. சென்னை சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒருகாலத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த வயலின் கலைஞர்களுக்கு அந்த வேலையைப் பற்றி நன்றாகத் தெரியும். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்தக் கோபம் போக வேண்டிய இடம் கருவி இல்லை, அதை யாருடைய நாற்காலியில் வைத்தார்கள் என்பதுதான்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. போன் ஸ்பீக்கரில் வைத்து முடிவுக்கு வராதீர்கள். இந்த இசையின் அடித்தளமே தாழ்ந்த ரீங்காரம்தான், போனின் சின்ன ஸ்பீக்கரால் அதைக் கொண்டுவர முடியாது. ஹெட்போன் போட்டுக்கொண்டு, ஒலியைக் குறைவாக வைத்து, வேறு வேலை பார்த்துக்கொண்டே கேளுங்கள். உன்னிப்பாகக் கவனித்தாலும் சரி, கவனிக்காமல் விட்டாலும் சரி, கோபித்துக்கொள்ளாத இசை இது. 'டிலைட்'டில் தொடங்கிவிட்டு அப்புறமாக என்.ஐ.டி நாடாக்களுக்குப் போவது காதுக்கு நல்லது. தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களிடமும் ஒரு காதைக் கொடுங்கள். தம்புரா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நம்மைவிடச் சீக்கிரம் பிடிபட வாய்ப்பிருக்கிறது.

தம்புராவும் பல வீடுகளில் உறையோடு மூலையில் சாய்ந்திருக்கிறது என்பது வேறு விஷயம். 1979-ல் பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ராஜ் நாராயண் எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். இன்றைக்குப் பாட்டு கிளாஸ் போகும் குழந்தைகளுக்கு சுருதி என்றால் போனில் இருக்கும் ஆப்தான். ஆள் இல்லாமல் வீட்டில் தனியாகச் சாதகம் செய்பவருக்கு அது பெரிய வரம், யாருடைய நாற்காலியையும் பறித்த கதை அங்கே இல்லை.

நாகஸ்வரத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. நாகஸ்வரத்துக்கு சுருதி பிடிக்க ஒத்து என்று ஒரு குழல் உண்டு. பார்க்க நாகஸ்வரம் போலவே இருக்கும், ராகம் வாசிக்காது. ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊத வேண்டும். ஒத்து ஊதுகிறவர் மூக்கு வழியாக மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கி வைத்த காற்றை வெளியே விட்டபடி இருப்பார், ஓசை அறுந்துவிடக் கூடாது. மணிக்கணக்கில் ஊதுவார். கைத்தட்டல் அவருக்கு வராது. 'ஒத்து ஊதுகிறான்' என்று நம் பேச்சு வழக்கு அவரைக் கேலிதான் செய்தது. இன்றைக்குக் கோயில்களில் ஒத்து ஊதுபவரைப் பார்ப்பது அபூர்வம். சாயரட்சை நேரத்தில் நாகஸ்வரக்காரர் வந்து, தவில்காரருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, பிளக்கைச் செருகி, குமிழைத் திருப்பி சுருதி சேர்க்கிறார். பிறகு சீவாளியை நனைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குகிறார். அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் அந்தப் பெட்டியின் ஓசை மட்டும் தனியாகக் கேட்கிறது.